மிச்சம் வைத்த பாடங்கள்: போர்விமானிப் பயிற்சியின் தரங்கள் குறித்து

பெரிய விமானப்படைகள் பலவும் இன்று தம் விமானிகளுக்கான பயிற்சித் தரங்களைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கா 1961 முதல் பறந்துவரும் டி-38 பயிற்சி விமானத்துக்கு மாற்றாக டி-7ஏ விமானத்தைக் கொண்டுவருகிறது. விமானத்தோடு பாடத்திட்டமும் மாறுகிறது. பிரிட்டன் தன் முப்படை விமானிகளின் பயிற்சியை 2008இல் 25 ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் தனியார் கூட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. பயிற்சியின் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே இளம் விமானிகள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடப்பதை அந்நாட்டுத் தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியிருக்கிறது. இந்தியா 2023 மார்ச்சில் 70 எச்டிடி-40 அடிப்படைப் பயிற்சி விமானங்களுக்கு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. இந்த மாற்றங்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது. பறப்பு நேரத்தைக் கணக்கிடுவதா, திறனைக் கணக்கிடுவதா? சிமுலேட்டரில் எவ்வளவு, வானத்தில் எவ்வளவு? இரண்டும் தேவையான கேள்விகள்தாம். ஆனால் கடந்த நூறாண்டு அனுபவத்தைத் தொகுத்துப் பார்க்கும்போது, பயிற்சித் தரங்கள் உடைந்த இடம் வேறாகத் தெரிகிறது. ஒரு கட்டத்தில் சொல்லிக்கொடுக்காமல் விட்ட பாடம் அடுத்த கட்டத்தின் தலையில் விழுகிறது. அங்கும் இடமில்லாதபோது கடைசியாகப் போர்ப் படைப்பிரிவின் மேல் விழுகிறது. அந்தக் கடனைக் கட்டுபவர் அனுபவம் குறைந்த இளைஞர். எந்தப் புதிய தரமும் இந்தக் கைமாற்றலைத் தடுக்கிறதா என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பயிற்சித் தரம் என்ற கருத்தே இப்படியொரு குறையிலிருந்து பிறந்ததுதான். முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப் பயிற்சி, ஆபத்தை மாணவரின் கண்ணில் காட்டாமல் நடந்தது. விமானம் சுழன்று விழத் தொடங்கினால் என்ன செய்வதென்று தெரியாதவர்களைப் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1917இல் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பேரி இதைத் தலைகீழாக மாற்றினார். பயிற்றுநர், மாணவர் இருவரும் இயக்கக்கூடிய இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட ஆவ்ரோ 504 விமானம், இருவரும் பேசிக்கொள்ள ஒரு குழாய், வேண்டுமென்றே விமானத்தைச் சுழலவிட்டு மாணவரையே மீட்கச் சொல்லும் பாடம் என அவர் அமைத்த முறை இன்றுவரை விமானப் பயிற்சியின் முதுகெலும்பு. அமெரிக்காவில் இதே பாடத்தை 1934 கற்பித்தது. தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு திடீரென ராணுவ விமானிகளிடம் வந்தது. பனிமூட்டத்திலும் இரவிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. சில வாரங்களுக்குள் பலர் மடிந்தார்கள். அதன்பிறகே, எட்வின் லிங்க் ஆண்டுகளாக விற்க முயன்றுவந்த பாவனை விமானப் பொறிகளில் ஆறை அமெரிக்க ராணுவம் வாங்கியது. அந்த விமானிகள் தேர்ச்சி பெற்றவர்கள் என்றுதான் ஏடுகள் சொல்லின. தேர்ச்சிக்கான அளவுகோலில் பனிமூட்டம் சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்தியாவின் கதை இதைவிட நீளமானது. அதனாலேயே அதிகம் சொல்லித்தருவது. 1963இல் மிக்-21 இந்திய விமானப்படைக்கு வந்தது. ஒலியைப் போல் இருமடங்கு வேகம் எட்டக்கூடியது. ஓடுதளத்தை நோக்கி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கி வருவது. புதிய விமானி அதில் ஏறுமுன் பறந்ததெல்லாம் கிரண், இஸ்க்ரா போன்ற மெதுவான ஜெட் பயிற்சி விமானங்கள். நடுவில் ஒரு படி இல்லை. ஹண்டர் விமானங்கள் இருந்தவரை அவை ஓரளவு அந்த இடத்தை நிரப்பின. அவையும் முதுமையடைந்து விலகின. தேஜ்பூரில் மிக்-21 விமானத்தையே பயிற்சி விமானமாக வைத்துக்கொண்டு ஒரு பிரிவு இயங்கியது. 1982இல் டெனிஸ் லா ஃபோன்டேன் தலைமையிலான குழு இந்த இடைவெளியை அடையாளம் கண்டு, உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த விமானத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2004 மார்ச்சில். பிரிட்டனின் ஹாக் விமானங்கள் பீதரில் முறைப்படி படையில் சேர்ந்தது 2008 பிப்ரவரியில். குறையைக் கண்டுபிடித்ததற்கும் நிரப்பியதற்கும் நடுவே 26 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் விமானப்படையிடம் பாடத்திட்டம் இருந்தது, தேர்வு இருந்தது, கண்டிப்பான பயிற்றுநர்கள் இருந்தார்கள். இல்லாதது, அந்தப் பாடத்தை நடத்துவதற்கான விமானம் மட்டுமே. 2012 ஏப்ரல் வரை மொத்தம் 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துக்குள்ளானதாகவும், 171 விமானிகளும் 39 பொதுமக்களும் உயிரிழந்ததாகவும் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. ஆண்டனி மாநிலங்களவையில் தெரிவித்தார். மனிதத் தவறும் இயந்திரக் கோளாறும் இரண்டுமே காரணங்கள் என்று அரசே சொன்னது.

இதற்கு எழும் மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. மிக்-21 விபத்துகளைப் பயிற்சியின் கணக்கில் எழுதுவது தவறு, அது பழைய விமானம், சோவியத் ஒன்றியம் சிதறியபின் உதிரிபாகங்களின் தரம் கெட்டது, ஒற்றை எஞ்சின் நின்றால் மீட்க வழியில்லை, பறவை மோதினாலும் அதே கதி என்பார்கள். இவை அத்தனையும் உண்மை. விபத்துகளில் எத்தனை விழுக்காடு பயிற்சிக் குறையால் நேர்ந்தவை என்று பிரித்துச் சொல்வதும் எளிதல்ல. ஆனால் மன்னிக்காத விமானத்தில்தான் பயிற்சியின் குறை மிகக் கடுமையாக வெளிப்படும். எஞ்சின் தடுமாறும்போது இரண்டு மூன்று வினாடிகளில் முடிவெடுக்க வேண்டிய விமானத்தில், அந்த வேகத்துக்குப் பழகாத ஒருவரை உட்கார வைப்பது இயந்திரத்தின் குறையைப் பெருக்கும். விமானம் பழையது என்ற வாதம் பயிற்சியின் தேவையைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. மேலும், உயர்நிலைப் பயிற்சி விமானம் வேண்டுமென்று 1982இலேயே சொன்னவர்கள் வெளியிலிருந்து குறைகூறியவர்கள் அல்லர். லா ஃபோன்டேன் பின்னர் விமானப்படைத் தளபதியாகவே ஆனவர். குறையை அறிந்தவர்கள் உள்ளேயே இருந்தும் அது 26 ஆண்டுகள் நீடித்தது என்பதுதான் மனத்தை வருத்துகிறது.

அந்த இடைவெளி அடைபட்டபோது, கீழ்க்கட்டத்தில் இன்னொன்று திறந்தது. எச்பிடி-32 தீபக், 1984 முதல் முதற்கட்டப் பயிற்சிக்குப் பயன்பட்ட உள்நாட்டு விமானம். பறந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும் கோளாறு அதை விட்டு நீங்கவேயில்லை. 17 விபத்துகளில் 19 விமானிகள் இறந்தபின், 2009 ஜூலையில் இரண்டு பயிற்றுநர்களைப் பலிகொண்ட விபத்தைத் தொடர்ந்து அது தரையில் நிறுத்தப்பட்டது. மாற்று விமானம் தயாராக இல்லை. இரண்டாம் கட்டத்துக்கு உரிய கிரண் விமானங்களை முதல் கட்டத்துக்கு இழுத்தார்கள். புதியவர்களுக்குக் கிடைத்த பறப்பு நேரம் பெருமளவு குறைந்தது. கிரணுக்கு மாற்றாக 1999இல் ஒப்புதல் பெற்ற சிதாரா இடைநிலை ஜெட் பயிற்சி விமானம் 2003இல் முதன்முதலாகப் பறந்தது. சுழற்சியிலிருந்து மீளும் சிக்கல் தீராமல் ஆண்டுகள் ஓடின. 1964இல் முதலில் பறந்த கிரண் அதனால் தன் காலத்தைத் தாண்டியும் உழைக்க வேண்டியதாயிற்று. 2013இல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பிசி-7 வந்தபின்னரே முதற்கட்டம் மூச்சுவிட்டது. அந்த ஆண்டுகளில் பாடத்திட்டம் இருப்பில் உள்ள விமானங்களுக்கு ஏற்பச் சுருக்கப்பட்டது. சுருக்கியவர்கள் மேல் பழி சொல்ல முடியாது. அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் தேவை பாடத்திட்டத்தை நிர்ணயிக்க வேண்டும், பாடத்திட்டம் கொள்முதலை நிர்ணயிக்க வேண்டும் என்ற வரிசை அங்கே முற்றிலும் கவிழ்ந்து கிடந்தது. எச்டிடி-40 விமானங்களின் வரவும் எஞ்சின் கிடைப்பதில் ஏற்பட்ட தாமதத்தால் தள்ளிப்போனதைப் பார்க்கும்போது, அந்த வரிசை இன்னும் முழுதாக நிமிரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பணம் இல்லாத நாட்டின் சிக்கல் இது என்று எண்ணிவிட வேண்டாம். 2020 ஜூன் 30 இரவு, அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஷா விமானத் தளத்துக்குத் திரும்பிய எஃப்-16 ஒன்று தரையிறங்கும்போது ஓடுதளத்துக்கு முன்னிருந்த ஆன்டெனா வரிசையில் மோதியது. சக்கரங்கள் சேதமடைந்த விமானத்தை மீண்டும் உயர்த்திய இளம் விமானி பின்னர் வெளியேற முயன்றார்; இருக்கையின் மின்னணுக் கோளாறால் பாராசூட் விரியவில்லை. ஓடுதள விளக்குகளை அவர் தவறாகப் புரிந்துகொண்டதே மோதலுக்குக் காரணம் என்றது விசாரணை அறிக்கை. அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. வானிலேயே எரிபொருள் நிரப்பும் பாடம் அவருடைய எஃப்-16 அடிப்படைப் பயிற்சியில் நடத்தப்படவில்லை. எரிபொருள் விமானங்கள் கிடைக்காததால், சேரப்போகும் படைப்பிரிவில் கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்பட்டிருந்தது. படைப்பிரிவில் அவர் அதை முதன்முதலாக முயன்றது அந்த இரவில். முடியாமல் திரும்பி வரும் வழியில்தான் விபத்து. பாடத்தைத் தள்ளிவைக்க அனுமதித்த கையெழுத்து விதிமுறைப்படி சரியாகவே இருந்திருக்கும். ஆயினும் பகலில், பயிற்றுநர் பின்னிருக்கையில் இருக்கும்போது செய்ய வேண்டிய முதல் முயற்சி, இருட்டில், ஒற்றை இருக்கையில், வேறொரு கடினமான பயிற்சியோடு சேர்த்து நடந்தது. தரம் கைமாறும்போது என்ன ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நேரமா திறனா என்ற கேள்விக்கு இந்த இடத்தில் திரும்பலாம். இத்தனை மணி நேரம் பறந்தால் தேர்ச்சி என்பது பழைய முறை. குறிப்பிட்ட செயலைக் குறிப்பிட்ட துல்லியத்தோடு செய்து காட்டினால் தேர்ச்சி என்பது புதிய முறை. புதிய முறைக்கு வலுவான நியாயம் உண்டு. விரைவாகக் கற்பவரை மணிக்கணக்குக்காக நிறுத்திவைப்பது வீண். மெதுவாகக் கற்பவரை மணிக்கணக்கு முடிந்ததென்று மேலே அனுப்புவது ஆபத்து. இந்த இரண்டாவது பயன் எழுத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இருப்பதில்லை. திறன் அடிப்படை என்ற பெயரில் பயிற்சிக் காலம் சுருக்கப்பட்ட இடங்களில், சீக்கிரம் முடித்தவருக்குக் கதவு திறக்கப்படுகிறது. தாமதிப்பவருக்குக் கூடுதல் பறப்பு நேரம் கிடைப்பதில்லை. ஒருமுறை செய்து காட்டுவதும், களைப்பிலும் மழையிலும் எதிர்பாராத கோளாறிலும் அதையே செய்வதும் ஒன்றல்ல. பின்னது திரும்பத்திரும்பப் பறப்பதால் மட்டுமே வருகிறது. எனவே திறன் அளவுகோலைத் தாராளமாக ஏற்கலாம். அதற்கு அடியில் குறைந்தபட்ச மணிக்கணக்கு என்ற தரைமட்டத்தையும் விட்டுவிடக் கூடாது.

சிமுலேட்டர் விஷயத்தில் இன்னும் சற்று நிதானம் வேண்டும். எஞ்சின் தீப்பிடிப்பது, இரண்டு கோளாறுகள் ஒரே சமயத்தில் வருவது போன்றவற்றை வானத்தில் பழகிப்பார்க்க முடியாது; அவற்றுக்கு சிமுலேட்டரே சரியான இடம். இன்றைய போர்விமானி, ராடாரையும் தரவு இணைப்புகளையும் ஆயுதங்களையும் ஒரே நேரத்தில் கையாள வேண்டியவர். அந்தப் பழக்கத்தையும் தரையிலேயே பெருமளவு கொடுக்கலாம். கொடுக்க முடியாதது உடலின் அனுபவம். திருப்பத்தில் இரத்தம் கீழே இறங்கிப் பார்வை மங்குவதும், மேகத்துக்குள் உள்காதின் சமநிலை உணர்வு பொய் சொல்லும்போது அதை மறுத்துக் கருவியை நம்புவதும் நாற்காலியில் முழுதாக வாராது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. இயந்திரக் கோளாறோ சதியோ அலட்சியமோ இல்லை, எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசை மயக்கம் ஏற்பட்டுத் தரையில் மோதியது என்று முப்படை விசாரணை சொன்னது. ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். திசை மயக்கம் அனுபவத்தைப் பார்த்து ஒதுங்குவதில்லை என்பதால்தான் அதற்கு எதிரான பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஊட்டி, பணிக்காலம் முழுதும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ராணுவ விமானப் பாதுகாப்பு ஆணையம் 2020 டிசம்பரில் அளித்த அறிக்கை இதைக் கணக்கோடு பேசுகிறது. 2013 முதல் 2018 வரை போர் சாராத விபத்துகளில் 198 பேர் இறந்தனர், 157 விமானங்கள் அழிந்தன. விமானிகள் போதிய அளவு பறப்பதில்லை என்பதை முதன்மைக் கவலைகளில் ஒன்றாக வைத்த அந்த ஆணையம், அவசியமான பறப்பு நேரத்துக்குப் பதிலாக சிமுலேட்டரை வைக்கக் கூடாது என்றும் வலியுறுத்தியது. எரிபொருளை மிச்சம்பிடிக்க வாங்கப்படும் சிமுலேட்டரும் பறப்பை ஆழப்படுத்த வாங்கப்படும் சிமுலேட்டரும் தோற்றத்தில் ஒன்றுதான். எதற்காக வாங்கப்பட்டது என்பது பாடத்திட்டத்தில் மணிக்கணக்கு குறைகிறதா என்பதில் தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. விமானிகளே போதவில்லை எனும்போது தரத்தை இறுக்குவது சாத்தியமா? இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, 2015 பிப்ரவரியில் 486ஆக இருந்த விமானிப் பற்றாக்குறை 2021 இறுதியில் 596ஆக உயர்ந்ததாகச் சொல்கிறது. ஆண்டுக்கு 222 பேரைப் பயிற்சிக்கு எடுக்கத் திட்டமிட்டும் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. பிலாட்டஸ் விமானங்களில் 64இல் 16 விமானங்களில் எஞ்சின் எண்ணெய்க் கசிவு பதிவானதையும் அதே அறிக்கை குறிப்பிடுகிறது. 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றபின் அனுமதிக்கப்பட்ட 42 போர்ப் படைப்பிரிவுகளுக்கு எதிரே 29 மட்டுமே இருக்கின்றன. இந்த நெருக்கடியில், முழுதாகத் தேறாதவரைத் தடுத்து நிறுத்துவது நாட்டின் பாதுகாப்பையே குறைக்கும் என்று வாதிடலாம். இந்த வாதத்தை முழுமையாகச் சோதித்துப் பார்த்த படை ஒன்று வரலாற்றில் உண்டு. இரண்டாம் உலகப்போரின் முதல் மூன்று ஆண்டுகளில் ஜெர்மன் போர்விமானி ஏறத்தாழ 240 மணி நேரப் பயிற்சியோடு களத்துக்கு வந்தார். இழப்புகள் ஏறஏற, வெற்றிடத்தை விரைவாக நிரப்ப அந்த நேரம் வெட்டப்பட்டு, 1944இன் பிற்பாதியில் சுமார் 110 மணியானது. அப்போது பிரிட்டிஷ் விமானிக்கு 340 மணி, அமெரிக்கருக்கு 360 மணி. அந்த ஆண்டில் ஜெர்மனி தன் வரலாற்றிலேயே மிக அதிகமான போர்விமானங்களைக் கட்டியது. ஓட்ட வந்தவர்களோ எதிரியைக் காணுமுன் தரையிறங்குவதிலேயே விமானங்களை இழந்தார்கள். பயிற்சியைக் குறைத்ததால் இழப்பு கூடியது, இழப்பு கூடியதால் பயிற்சி மேலும் குறைந்தது. எண்ணிக்கைக்காகத் தரத்தை விட்டவர்கள் எண்ணிக்கையையும் இழந்தார்கள். பற்றாக்குறைக்கு மருந்து சேர்க்கையிலும் பயிற்சி விமானங்களின் எண்ணிக்கையிலும் பராமரிப்பிலும் இருக்கிறது. தேர்ச்சிக் கோட்டை இறக்குவதில் இல்லை.

அந்த மருந்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி பயிற்றுநர். வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படை, தான் வீழ்த்திய ஒவ்வொரு இரண்டரை எதிரி விமானங்களுக்கும் தன்னுடையது ஒன்றை இழந்துகொண்டிருந்தது. காரணம் தேடிய கேப்டன் ஃபிராங்க் ஆல்ட்டின் அறிக்கையை அடுத்து 1969இல் மிரமாரில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். டாப்கன் என்று உலகம் அறிவது அதைத்தான். சில வாரப் படிப்பு. படைப்பிரிவுக்கு ஓரிருவர்தான் அங்கே வர முடியும். ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போய்த் தம் பிரிவில் மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். 1972இல் வான்போர் மீண்டும் மூண்டபோது கடற்படையின் விகிதம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவை எட்டியது. நம்மிடம் தாம்பரத்தில் இருக்கும் பறப்புப் பயிற்றுநர் பள்ளி இதே பெருக்கத்துக்கான இடம். 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் தாம்பரத்துக்கு வந்த அந்தப் பள்ளி, விமானப்படையோடு தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை, நட்பு நாடுகள் ஆகியவற்றின் பயிற்றுநர்களையும் உருவாக்குகிறது. ஒரு பயிற்றுநர் தன் பணிக்காலத்தில் பல பத்து விமானிகளை உருவாக்குவார். அவருடைய தரமே அவர்கள் எல்லோருடைய தரத்துக்கும் உச்சவரம்பு. ஆயினும் பற்றாக்குறை வரும்போதெல்லாம் படைப்பிரிவுகள் தம் சிறந்த விமானிகளைக் கற்பிக்க அனுப்பத் தயங்குவது எல்லா நாடுகளிலும் இயல்பாக நடக்கிறது. பயிற்றுநர் பணியைப் பதவி உயர்வுக்கான தகுதியாக வைக்காதவரை எந்தப் பாடத்திட்டத் திருத்தமும் ஏட்டளவிலேயே நிற்கும்.

ஆகவே புதிய தரங்களைக் கொண்டுவருவோர் முதலில் எழுத வேண்டியது, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் எதையும் தள்ளிவைக்காமல் அனுப்புவோம் என்ற உறுதி. தவிர்க்கவே முடியாமல் ஒரு பாடம் தள்ளிப்போனால், அது விமானியின் பதிவேட்டில் தெரிய வேண்டும், யார் எப்போது நடத்துவார் என்று பெயர் குறிக்கப்பட வேண்டும், அதை நடத்தி முடிக்கும்வரை அந்தத் திறன் தேவைப்படும் பணியில் அவரை ஈடுபடுத்தக் கூடாது. இரண்டாவதாக, விமானமும் பயிற்றுநரும் கையில் வந்தபின்னரே பாடத்திட்டம் நடைமுறைக்கு வர வேண்டும். இவற்றில் இரகசியம் ஏதுமில்லை. விபத்துகளின் எண்ணிக்கையை ஏற்கெனவே கேட்டுப் பெறும் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு, எத்தனை பாடங்கள் எந்தக் காரணத்தால் தள்ளிவைக்கப்பட்டன என்ற எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டும். விபத்துக் கணக்கு நடந்து முடிந்ததைச் சொல்கிறது. இந்தக் கணக்கு, இன்னும் உயிரோடிருக்கும் விமானிகளுக்காகக் கேட்கப்படுவது.